அறிவிப்பை எங்கே ஒட்டினார்கள்?
மலேசியாவில் 2023 ஜனவரியில் வேலைச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தபின் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை நிறுவனங்கள் ஒட்டிவிட்டன, அதனால் பெண் ஊழியர்கள் தைரியமாகப் புகார் கொடுக்கலாம் என்கிறது இங்கே வந்த கட்டுரை. ஒட்டினார்கள் சரி, எங்கே? சட்டம் கேட்பது கண்ணில் படும் இடத்தில். பினாங்கின் பாயான் லெப்பாஸில் போன வருடம் வரை நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அது மேல்மாடி அலுவலகத்தில், போட்டோஸ்டாட் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். உற்பத்தி லைனில் நிற்கும் நாங்கள் பின்வாசலில் நுழைந்து, லாக்கரில் கைப்பேசியை வைத்துவிட்டு நேராக உள்ளே போய்விடுவோம், மேல்மாடிப் பக்கம் என்ன வேலை? கூட நின்ற நேப்பாளப் பெண்களுக்கு அதைப் படித்துச் சொல்லவும் ஆளில்லை. கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர், 'முதலில் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியதுதானே' என்று எழுதியிருக்கிறார். தொல்லை கொடுப்பதே அந்த சூப்பர்வைசர் என்றால் யாரிடம் போவதாம், ஐயா? புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் நேராகவே கொடுக்கலாம். நிறுவனத்திடம் கொடுத்து, அது விசாரிக்க மறுத்தால், புகார் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது மனிதவளப் பிரிவு இல்லை, ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த அக்கா.