செயற்கைக் காலுக்கு யார் நிதி தருவார்?

இலங்கையில் கண்ணிவெடி அகற்றுவதற்கு வெளிநாடுகள் தரும் நிதி குறையும்போதெல்லாம் எத்தனை சதுர மீட்டர் நிலம் மீதமிருக்கிறது என்றே பேசுகிறோம். வெடியை மிதித்துப் பிழைத்தவர்களின் பேச்சு எழுவதே இல்லை.

1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கை, இயன்ற நாடுகள் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. இலங்கை 2017இல் அதில் சேர்ந்தது. போர் நடந்த வடக்கு இலங்கையின் முகமாலையில் அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் நிதியால் ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பார்த்து வருகின்றன. தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். அதற்குத் தரும் பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் துப்புரவான நிலத்தை விழா வைத்து ஒப்படைத்து, பரப்பளவை அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம் என்பதால்தானோ என்னவோ, நிதியின் பெரும்பகுதி அங்கேயே போய்ச் சேருகிறது.

எங்கள் மதுரை ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர், முகமாலையை அடுத்த பளைப் பக்கத்துக்காரர், முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். சித்திரை வெயிலில் வியர்வை இறங்கிச் செயற்கைக் காலுக்குள் தோல் உரிந்துவிட்டால் புண் ஆறும்வரை அதை மாட்ட முடியாது. மாட்டாத நாளில் கூலி கிடையாது. அறுந்துபோன வாரைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறார். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் கால் பொருந்தாது. பெரியவர்களுக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்னும்போது, வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே புதிது தேவைப்படலாம். ஒருமுறை கால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு இது முடிவதில்லை. (நம்மூர்ச் சங்கங்களுக்கும் இந்தப் படம் எடுக்கும் ஆசை உண்டு.)

அவர் நிலைமையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலங்கையின் பெயரில் வரும் நிதி கடல் தாண்டி வருவதில்லை. இந்தியாவோ அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்தப் பணத்தை நம்பிய கண்ணிவெடி அகற்றும் பணிகள் பல நாடுகளில் முடங்கின. ஆண்டுக்கு ஆண்டு ஒரு தலைநகரத்தின் மனநிலையைப் பார்த்து நடக்க வேண்டிய ஏற்பாட்டில், வாழ்நாள் முழுதும் தேவைப்படும் ஒரு காலை ஒப்படைக்கக் கூடாது. நிலத்துக்குத் தரும் ஒவ்வொரு நிதியிலிருந்தும் ஒரு பங்கை ஒதுக்கி, யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும், செயற்கைக் கால் செய்து தரும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற உள்ளூர்ப் பட்டறைகளின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். வட்டியில் தொழில்நுட்பர்களின் சம்பளமும் பழுதுபார்க்கும் செலவும் நடக்கட்டும். முகாம்களில் இருப்பவர்களுக்கும் அதில் இடம் வேண்டும். மாநில அரசு முன்னின்று கேட்டால், ஆனையூரிலும் திருவாதவூரிலும் இருப்பவர்களுக்கு மதுரையிலேயே அளவெடுக்க ஏற்பாடு செய்வது கடினமல்ல.