ஒரு ராத்திரி போதும்

கேசினோ நகரத்துக்குப் போனால் கேசினோ இருக்கிற ஹோட்டலிலேயே எல்லா நாளும் தங்குங்கள் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. அங்கே கேசினோ இருக்கிற மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கினால் போதும். அங்கே நாம் கொடுக்கிற காசு பெரும்பாலும் 57-வது மாடி நீச்சல் குளத்துக்குத்தான். அறை எடுத்தவர்களைத் தவிர வேறு யாரையும் அதில் இறங்க விடமாட்டார்கள். கேசினோவுக்கோ அறையே தேவையில்லை. 21 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டி இலவசமாகப் போகலாம். 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம் அந்த ஊர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

அப்புறம், அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி தனி. 300 வெள்ளி அறை கிட்டத்தட்ட 360 ஆகிவிடும்.

மீதி நாட்களுக்கு லிட்டில் இந்தியாவில் அறை போடுங்கள். மெரினா பே சாண்ட்ஸை ஒட்டிய பேஃப்ரண்ட் நிலையத்திலிருந்து டவுன்டவுன் லைன் மெட்ரோ ரயிலில் நான்காவது நிறுத்தம், ரயில் மாற வேண்டாம். காலையில் வீரமாகாளியம்மன் கோயில், அப்படியே சிராங்கூன் சாலையில் இட்லி, காபி. "நம்ம மாசி வீதி மாதிரியே இருக்கே" என்று என் மாமியார் பூக்கடை முன்னால் நின்றுவிட்டார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

செக்-இன்னில் டெபாசிட்டுக்காக கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். எவ்வளவு என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.