சஸ்பென்ஷனுக்கு முன்னாடி டயரைப் பாருங்க

தார் ரோடு மண் பாதை ரெண்டுலயும் ஓட்டணும்னா முன்பக்கம் சஸ்பென்ஷன் (குலுக்கலை வாங்கிக்கற அமைப்பு) வெச்ச ஹைப்ரிட் சைக்கிள்தான் பெஸ்ட்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, எனக்கு அது முழுசா ஒத்து வரலைங்க. கம்மி ரேட் சைக்கிள்ல வர்ற சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது முன் வீலைப் பிடிச்சிருக்கற கவை, பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், வெயிட் ஏறும், ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிச்சா பலத்தை அதுவே கொஞ்சம் முழுங்கிடும், அது அமுங்காம பூட்டி வைக்கற லாக்அவுட் இல்லேன்னா இன்னும் கடுப்பு. அதுக்கு பதிலா சஸ்பென்ஷன் இல்லாத சாதா ஃபோர்க், 700சிங்கற அளவு வீல்ல 38லேர்ந்து 45 மி.மீ. டயர், நடுவுல வழவழன்னும் ஓரத்துல கட்டை கட்டையாவும் இருக்கற மாதிரி பாத்து போட்டா ரெண்டு பாதைக்கும் தாராளமா போதும். காத்து விஷயம் ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க! டயர் ஓரத்துல போட்டிருக்கற அதிகபட்ச பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் அடிச்சு வெச்சுட்டு மண்ல தூக்கி தூக்கி போடுதுன்னு சைக்கிளைத் திட்டுவாங்க, கொஞ்சம் இறக்கினாலே டயர் அமுங்கி மண்ணைப் பிடிச்சுக்கும், ஆனா ரொம்ப இறக்கிட்டா கல்லுல இடிச்சு, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். வாங்கறப்போ டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல விரல் விட்டுப் பாருங்க, இடைவெளி இல்லேன்னா சேறு அடைச்சு வீலே சுத்தாது. டிஸ்க் பிரேக், கேரியர் மட்கார்டு மாட்ட ஓட்டை, இதெல்லாம் இருக்கான்னும் பாத்துக்கங்க. அப்புறம் ஓட்டறது முக்கால்வாசி கரடுமுரடான பாறை வழின்னா நான் சொன்னது செல்லாது, அதுக்கு எம்டிபிதான், அதாவது மலைப்பாதை சைக்கிள்.