சூடு ஆறட்டும், அப்புறம் அளந்து பார்

அம்பத்தூரில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்த மூன்றாவது மாதம். லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு எஃகு ஜாப் (கடைந்தெடுக்கும் உருப்படி) கடைந்து, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் டிராயிங்கில் கேட்ட அளவு அப்படியே நிற்கிறது. பெருமையோடு சீனியர் ஆபரேட்டர் அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கினார், அளக்கவே இல்லை. "டீ குடிச்சிட்டு வந்து நீயே இன்னொரு தடவை அளந்து பாரு" என்றார்.

வந்து அளந்தால் 0.03 மில்லிமீட்டர் குறைவு. டாலரன்ஸ், அதாவது அளவு முன்னேபின்னே இருக்க அனுமதி, மொத்தமே 0.02தான். அளவு கூடியிருந்தால் இன்னொரு தடவை சீவிவிடலாம், குறைந்துபோனால் ரிஜெக்ட்தான்.

கடையும்போது ஏறும் சூட்டில் எஃகு விரியும், ஆறினால் சுருங்கிவிடும். 100 மில்லிமீட்டருக்கு 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர் கூடும். அளப்பதற்கென்று உலகம் முழுக்க 20 டிகிரி என்று வைத்திருப்பதே இதனால்தான். ஐடிஐ-யில் படித்த பாடம்தான், ஆனால் அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது. அவர் தொட்ட உடனேயே தெரிந்துகொண்டார், ஆனாலும் சொல்லவில்லை, நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். சூப்பர்வைசர் வந்து கேட்டபோது மட்டும் "நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கணும்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்த ஜாப், என்ன செட்டிங், எங்கே தப்பு என்று தினமும் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அடுத்தவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் என் தப்பை நானே பிடிக்க வேண்டும் என்ற வெறி அது. தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்றால் எனக்கு அதுதான். இந்த வெறி உள்ள பையனுக்குத்தான் நல்ல சீனியர் கிடைத்தும் பயன், இல்லாதவனுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் சட்டையோடு கழன்றுவிடும்.

அப்ரெண்டிஸ் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. இன்று 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரெண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். சரி, எடுக்கிறார்கள். எடுத்த பிள்ளையை லோடு ஏற்றவும் தரை கூட்டவும் விட்டால் அவன் என்ன கற்பான்? இன்னொரு பக்கம், சொல்லிக்கொடுத்தால் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்று செட்டிங் போடும்போது முதுகைக் காட்டி நிற்கிற சீனியர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எல்லாம் அவர்கள் குற்றமும் இல்லை. ஷிப்டுக்கு இத்தனை ஜாப் என்று கணக்கு வைத்து இன்சென்டிவ் தருகிறீர்கள், பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரம் அவர் பையிலிருந்துதானே போகிறது? முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், பையனைப் பக்கத்தில் நிறுத்தும் மாதங்களில் அந்த ஆபரேட்டரின் டார்கெட்டைக் குறையுங்கள், இன்சென்டிவைக் குறைக்காதீர்கள்.