‘வாங்காதீங்க’ என்று எழுதினால் கமிஷன் வராது

நான்கு வருடமாகப் பொருட்களை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெட்ஃபோன், கீபோர்டு, ரவுட்டர், பவர் பேங்க் மாதிரியானவை. தெரிந்தவர்கள் எல்லாரும் சுற்றிவளைத்து ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: “இதுக்கு உனக்கு யார் காசு தராங்க?” கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பகுதி அஃபிலியேட் லிங்க்கில் வருகிறது. நான் கொடுக்கும் லிங்க் வழியாகப் போய் நீங்கள் வாங்கினால் விற்பவர் எனக்கு ஒரு சின்னப் பங்கு தருவார், அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை ஏறாது. அமேசான் இதை 1996-லேயே தொடங்கிவிட்டது. பொருளைத் தயாரிக்கும் கம்பெனி என்னோடு பேசவே வேண்டியதில்லை, ஒரே வகைப் பொருளில் எந்தப் பிராண்டை வாங்கினாலும் பெரும்பாலும் அதே சதவீதம்தான், பொருள் பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் என் கமிஷனும் கூடவே போய்விடும். ஆகவே பொய் சொல்லி விற்பதில் எனக்கும் நஷ்டம் இருக்கிறது. இந்த வரைக்கும் நியாயமான ஏற்பாடு.

ஆனால் “உங்களிடம் இருக்கும் பழையதே போதும், இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க” என்று எழுதினால் எனக்கு ஒன்றும் வராது. சுதந்திரமாக எழுதுகிறவர்களின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் லஞ்சத்தையும் ஸ்பான்சரையுமே பேசுகிறோம். அதைவிட மெதுவாக, நமக்கே தெரியாமல் ஆளை இழுப்பது இதுதான். எந்தப் பிராண்டை வாங்கினாலும் சரி, ஏதாவது ஒன்றை வாங்கட்டும் என்ற இடத்துக்கு மனசு தானாகவே போய்விடும்.

எனக்கே நடந்தது. ரவுட்டர்களை ஒப்பிட்டு நீளமாக ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தேன், எட்டு மாடல், எல்லாவற்றையும் ஒவ்வொரு அறையிலும் வைத்து வேகம் அளந்திருந்தேன். அளந்தபோது தெரிந்த முக்கியமான விஷயம், அலமாரிக்குப் பின்னால் தரையில் கிடக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரத்தில் வைத்தாலே பலருக்குப் புதிது தேவைப்படாது என்பதுதான். அதை நான் மறைக்கவில்லை, எழுதியிருந்தேன், ஆனால் கடைசிப் பத்தியில், எட்டு லிங்க்குகளுக்கும் கீழே. வெளியிடுவதற்கு முந்தைய இரவு திரும்பப் படித்தபோதுதான் அது உறைத்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் வரிகளை அடுக்கிய விதத்தில் நான் யாருக்காக எழுதியிருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. அந்தப் பத்தியை முதலில் கொண்டுவந்து வைத்தேன். அந்த மாதக் கமிஷன் நன்றாகவே குறைந்தது.

அடுத்தது கம்பெனிகள் அனுப்பும் சாம்பிள். பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதைவிட, முன்கூட்டியே கிடைக்கிறது என்பதில்தான் பிடி இருக்கிறது. புதுப் பொருள் வரும் அன்றே விமர்சனம் வந்தால்தான் ஆட்கள் படிப்பார்கள். கடையில் வாங்கி, இரண்டு வாரம் பயன்படுத்தி எழுதுவதற்குள் கூட்டம் அடுத்ததற்குப் போயிருக்கும். 2020 டிசம்பரில், கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா, ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு என்ற யூடியூப் விமர்சனச் சேனலுக்கு இனிமேல் சாம்பிள் அனுப்ப மாட்டோம் என்று எழுதியது. கேம்களில் ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே ட்ரேஸிங் வசதிக்குப் போதுமான முக்கியத்துவம் தரவில்லை என்பது குறை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் சேனலுக்காகக் குரல் கொடுக்க லட்சக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் ஒரு கம்பெனி, “வெளியிடும் முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறோம், தகவல் சரிபார்க்க மட்டும்” என்று கேட்டது. எடை, அளவு போன்ற எண்களை மட்டும் அனுப்பினேன். அதற்கப்புறம் அங்கிருந்து எதுவும் வரவில்லை.

“பிடிக்கலைன்னா அந்தப் பொருளைப் பத்தி எழுதவே மாட்டேன்” என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அது தப்பு என்று நினைக்கிறேன். படிப்பவருக்கு நான் எழுதாமல் விட்டது தெரியாது. மோசமான பொருளைப் பற்றி எல்லாரும் சும்மா இருந்தால் விளம்பரம் மட்டும்தான் அவர் கண்ணில் படும்.

சரி, கம்பெனிகளிடம் விளம்பரமோ சாம்பிளோ வாங்காமல் நடத்தவே முடியாதா? முடியும். அமெரிக்காவில் பொருட்களைச் சோதித்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு 1936 முதல் விளம்பரம் இல்லாமல் நடக்கிறது, சோதிக்கும் பொருளைத் தன் காசில் கடையில் வாங்குகிறது. ஜெர்மனியில் 1964-ல் அரசே தொடங்கிய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்டும் பேர் சொல்லாமல் கடையில் வாங்கித்தான் சோதிக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் எவ்வளவு பலம் வேண்டும் என்று பாருங்கள். 1970-ல் போஸ் ஸ்பீக்கர் ஒன்றில் வாத்தியங்களின் ஒலி அறைக்குள் அலைவது போல இருக்கிறது என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எழுதியது. அறைக்குள் அலைந்ததா, சுவரையொட்டி மட்டும் நகர்ந்ததா என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போஸ் கம்பெனி போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1984-ல்தான் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஜெயித்தது. பதினான்கு வருடம்! தனி ஆள் ஒருவரால் அதில் பதினான்கு வாரம் தாங்க முடியுமா?

அதனால் நான் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறேன். முடிந்தவரை நானே வாங்கி, ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு, பழையதாக விற்றுவிடுகிறேன். அதில் போகும் பணம் தொழில் செலவு. கம்பெனி இரவல் கொடுத்தது திரும்பிப் போய்விடும், யார் கொடுத்தது என்பது முதல் வரியிலேயே இருக்கும். நான் சோதிக்கும் வகைப் பொருளை விற்பவரிடம் ஸ்பான்சர் பணம் வாங்குவதில்லை. முடிவை எழுதி முடித்த பிறகுதான் லிங்க் தேடுவேன். இந்த வரிசையை மாற்றுவதே இல்லை, எந்தக் கடை எவ்வளவு தருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் அதை மறந்துவிட்டு எழுத என்னால் முடியாது.

மீதி, மாதாமாதம் கொஞ்சம் அனுப்பும் வாசகர்கள். அதிலும் இழுப்பு இல்லாமல் இல்லை, தாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளை நான் குறை சொன்னால் சிலர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். இருந்தாலும் ஒன்றுமே விற்காத ஒரு கட்டுரையை எழுத எனக்கு நேரம் கொடுப்பது அந்தப் பணம் மட்டும்தான். ரவுட்டர் கட்டுரையைப் படித்துவிட்டு இடத்தை மட்டும் மாற்றி வைத்ததாக எழுதியவர்கள் பலர். புதிதாக வாங்கியவர் வழியாக எனக்கு ஏதோ வந்துவிடும். வாங்காமல் விட்டவர்களே, மிச்சமானதில் கொஞ்சம் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், இதை நான் கூச்சமில்லாமலே கேட்கிறேன்.