பனிப்புயல் கதைய விடுங்க, மேரி டேவிஸ் குரலக் கேளுங்க

மேரி டேவிஸ் முக்கியப் பாடகியா இருந்த அமெரிக்க ஃபங்க் (ஆட்டம் போட வைக்கிற கறுப்பின மியூசிக்) குரூப் எஸ்.ஓ.எஸ். பேண்ட் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் ரெண்டாவது நிமிஷமே அந்தப் பனிப்புயல் கதைக்குத் தாவிடுறாங்க. கதை நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் ரெண்டு பேரும் பாடகர் பிரின்ஸ் உருவாக்குன 'தி டைம்' குரூப்ல வாசிச்சிட்டிருந்தவங்க, 1983ல டூருக்கு நடுவுல கேப் கிடைச்சப்போ அட்லாண்டா போய் எஸ்.ஓ.எஸ். பேண்டுக்கு ரெக்கார்டிங் பண்ணிட்டிருந்தாங்க, பனில ஃபிளைட் கெடைக்காம கச்சேரிக்குப் போய்ச் சேர முடியல, பிரின்ஸ் வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. அப்புறம் ஜேனட் ஜாக்சனோட 'கன்ட்ரோல்' ஆல்பம் அது இதுன்னு தயாரிச்சு ரெண்டு பேரும் எங்கயோ உசரத்துக்குப் போய்ட்டாங்க. சரிப்பா, அந்த ரெக்கார்டிங்ல பாடுன பேண்ட் எங்க? அதை மட்டும் ஒருத்தரும் கேக்குறதில்ல.

1977ல அட்லாண்டால ஆரம்பிச்ச குரூப், அப்போ பேரு சான்டா மோனிகா. கிளப்ல வாசிச்சிட்டிருந்தவங்கள டாபு ரெக்கார்ட்ஸ் எடுத்துச்சு, 1980ல 'டேக் யுவர் டைம்' வந்து ஆர் அண்ட் பி (கறுப்பின மியூசிக்குக்கான) சார்ட்ல 1, பாப் சார்ட்ல 3. அதுக்கு முந்தின வருஷம்தான் சிகாகோல ஒரு பேஸ்பால் கிரவுண்டுல டிஸ்கோ ரெக்கார்டுங்கள வெடி வச்சுத் தகர்த்துக் கூத்தடிச்சாங்க, டிஸ்கோன்னாலே ரேடியோக்காரன் மூஞ்சத் திருப்புன நேரம், அதுல இப்படி ஒரு ஆட்டம் போட வைக்கிற பாட்டு ஜெயிச்சது பெரிய விஷயந்தான். ஆனாலும் புதுசா கேக்குறவங்க இதுல ஆரம்பிக்காதீங்கம்பேன். பார்ட்டிக்கு சூப்பர், ஆனா அந்தக் காலத்து நல்ல ஃபங்க் பேண்ட் எதுவும் இதைப் பண்ணிருக்கும்.

இவங்களால மட்டுமே முடிஞ்சது, ஜாமும் லூயிஸும் தயாரிச்சு 1983ல வந்த 'ஜஸ்ட் பி குட் டு மீ'. ஆல்பத்துல இருக்குற நீளமான வெர்ஷனே கேளுங்க. ரோலண்ட் கம்பெனியோட 808 டிரம் மெஷின், அந்த அமுங்குன கிக் டிரம் அடி, சப்புன்னு விழுற கைதட்டு, மேல சிந்தசைஸர்ல வாசிச்ச பேஸ், வேகம் ரொம்பக் கம்மி, எந்த அவசரமும் இல்லாம ஓடிட்டே இருக்கும், குரல் எப்படா வரும்னு நமக்குத்தான் பொறுக்காது. அப்புறம் மேரி டேவிஸ் வருவாங்க. அவன் சரியில்ல, ஊர் மேயுறவன்னு ஊரே சொல்லுது, இந்தம்மா அதெல்லாம் எனக்குத் தெரியும், எங்கிட்ட ஒழுங்கா இருந்தாப் போதும்னு சொல்றாங்க. வேற யாராவது பாடிருந்தா அழுது கவுத்திருப்பாங்க. இவங்க சந்தைல கறாரா விலை பேசுற மாதிரி பாடுறாங்க, ஒரு சொட்டு கண்ணீர் இல்ல, அதனாலதான் உள்ள இருக்குற வலி இன்னும் ஜாஸ்தியாத் தெரியுது. மெஷின் உணர்ச்சியே இல்லாம அடிக்குது, பொம்பள உணர்ச்சிய அடக்கிப் பாடுது, பாட்டே அதுதான்!

ஆர் அண்ட் பில 2. பாப் சார்ட்ல 55. மூணு வருஷம் முன்னாடி 3வது எடத்துல இருந்த அதே பேண்ட், இதைவிட நல்ல பாட்டோட. அமெரிக்க ரேடியோல கறுப்பின மியூசிக்குக்கு இருந்த தனி வரிசைய இதைவிட லேசா விளக்க எனக்குத் தெரியல. இதுல கடுப்பு என்னன்னா, 1990ல நார்மன் குக் (பின்னாடி ஃபேட்பாய் ஸ்லிம்னு ஃபேமஸ் ஆனவரு) பீட்ஸ் இன்டர்நேஷனல்னு ஒரு குரூப் வச்சு இதே பாட்டை 'தி கிளாஷ்'ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பேஸ்லைன் மேல போட்டு பிரிட்டன்ல நம்பர் 1 ஆக்கிட்டாரு. அதுவும் நல்ல பாட்டுதான், எனக்கே பிடிக்கும். ஆனா அதுல வர்ற பொண்ணு கெஞ்சுது, மேரி டேவிஸ் கெஞ்சல.

அடுத்து 'டெல் மீ இஃப் யூ ஸ்டில் கேர்', அதுவும் அதே ஆல்பம், இன்னும் ஸ்லோ. அப்புறம் 1986ல வந்த 'தி ஃபைனஸ்ட்', அதுல பாடகர் அலெக்சாண்டர் ஓநீலும் சேர்ந்து பாடிருப்பாரு. மேரி டேவிஸ் விலகுனதுக்கப்புறம் வந்தது எதுவும் எனக்கு ஒட்டல, திட்டுறவங்க திட்டலாம்.

ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டுட்டு வந்து இதுல என்ன சார் இருக்குன்னு கமெண்ட் போடாதீங்க, அந்த பேஸ் அதுல வராது.