உண்மை விளக்கம்: கொமோடோ டிராகன் கிருமியால் கொல்வதில்லை

"கொமோடோ டிராகனின் எச்சிலில் கொடிய பாக்டீரியா உண்டு, ஒருமுறை கடித்தால் போதும், இரை சில நாட்களில் அழுகிச் செத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் தீவுகளில் வாழும் இது, நம் உடும்பின் இனம்தான். இதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதை 2009-இல் நச்சு ஆய்வாளர் பிரையன் ஃபிரை குழுவினர் காட்டினர். அந்த நஞ்சு ரத்தத்தை உறையவிடாது. ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். வேட்டையில் நஞ்சின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரம்பம் போன்ற பற்கள் கிழிக்கும் கிழியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. வாய்க் கிருமிகளோ, 2013 ஆய்வின்படி, மற்ற ஊனுண்ணிகளுக்கு உள்ளவை போன்றவைதான்.

பிறகு கதை எப்படி வந்தது? மனிதர்கள் கொண்டுவந்த எருமைகள் கடிபட்டுத் தப்பி, சாணம் கலந்த குட்டையில் போய் நிற்கும். புண் சீழ் பிடிப்பது அங்கேதான் என்கிறார்கள் ஃபிரை குழுவினர். பழி பல்லியின் வாய்க்கு!

அதே ஃபார்வர்டில், ஆண் துணையின்றிப் பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்றும் இருக்கிறது. நம்பக் கடினமான அது மட்டும் உண்மை. பிரிட்டனின் விலங்குக் காட்சிசாலைகளில் நடந்ததாக 2006-இலேயே ஆய்விதழில் வெளியானது.